நாலு பேர் என்ன நினைப்பாங்க?

இந்த முறை நாம பார்க்கப் போறது சர்க்யூட்டும் இல்ல, கோடிங்கும் இல்ல. நம்ம எல்லார் மண்டைக்குள்ளயும் நிறுத்தாம ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு ப்ரோகிராமைப் பத்தி. அதுக்குப் பேரு "நாலு பேர் என்ன நினைப்பாங்க".

சின்ன வயசுல இருந்தே இதைக் கேட்டு வளர்ந்திருக்கோம். சத்தமா சிரிக்காதே, நாலு பேர் என்ன நினைப்பாங்க. மார்க்கை வெளியே சொல்லாதே, நாலு பேர் என்ன நினைப்பாங்க. யார் அந்த நாலு பேர் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. ஆனா அவங்க நம்மகூடவே பஸ் ஏறி காலேஜுக்கும் வந்துட்டாங்க. டவுட் கேட்கக் கை தூக்கும்போது, செமினாருக்கு மேடை ஏறும்போது, வைவாவில் எக்ஸ்டெர்னல் முன்னாடி உட்காரும்போது, அவங்கதான் முதல் வரிசையில் இருக்காங்க.

இது வெறும் கூச்சம், போகப் போகச் சரியாயிடும் என்று விட்டுவிடலாம். ஆனா ப்ளேஸ்மென்ட் சீசனில் இதற்கு விலை இருக்கு. ஆப்டிட்யூட் ரவுண்டை அசால்ட்டா முடிச்ச ஒரு ஆள், குரூப் டிஸ்கஷனில் வாயே திறக்காமல் வெளியே வர்றதை ஃபைனல் இயரில் இருக்கிற எல்லாரும் பார்த்திருப்போம். அவனுக்குத் தெரியாதது சப்ஜெக்ட் இல்ல.

இந்த நாலு பேரை உளவியல் இரண்டு பக்கத்தில் இருந்து ஆராய்ந்திருக்கிறது. மற்றவர்கள் மனதில் என்ன ஓடுது என்று நாம் எப்படிக் கணக்குப் போடுகிறோம் என்பதைப் படிக்கிற பிரிவு ஒன்று. அதற்குப் பெயர் சோஷியல் காக்னிஷன். பயத்தையும் பழக்கத்தையும் மாற்ற உதவுகிற சிகிச்சை முறைகள் இன்னொன்று. அதற்குப் பெயர் பிஹேவியர் தெரபி. சமீப காலத்தில் இந்தச் சிகிச்சைக்குள் மைண்ட்ஃபுல்னெஸ் என்கிற வார்த்தையும் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த மூணும் எங்கே சந்திக்குது, நமக்கு எதுக்கு உதவும் என்பதுதான் இன்னைக்குப் பாடம்.

1. முக்கோணத்துக்கும் மனசு உண்டு

1944-ல் ஃப்ரிட்ஸ் ஹைடர், மரியன் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டி அனிமேஷன் படம் செய்தார்கள். அதில் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம். அப்புறம் கதவு மாதிரி திறந்து மூடுகிற ஒரு பெட்டி. அவ்வளவுதான். முகம் இல்ல, வசனம் இல்ல. வடிவங்கள் அங்கே இங்கே நகரும்.

பார்த்தவர்களிடம் "என்ன நடந்தது?" என்று கேட்டபோது, கிட்டத்தட்ட எல்லாரும் ஒரு கதையே சொன்னார்கள். பெரிய முக்கோணம் முரடன், வட்டம் பயந்து ஒளியுது, சின்ன முக்கோணம் காப்பாத்த வருது. "ஒரு முக்கோணம் வலப்பக்கம் நகர்ந்தது" என்று மட்டும் சொல்லி நிறுத்தியவர் ரொம்ப அபூர்வம்.

நம்ம மூளை அப்படித்தான். அசைவைக் கண்டால் அதற்குப் பின்னால் ஒரு எண்ணத்தைத் தேடும். இது பிழை இல்ல. இந்தத் திறமை இல்லேன்னா அம்மா முகத்தைப் பார்த்து இன்னைக்குப் பணம் கேட்கலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணவே முடியாது. பிரச்சினை என்னன்னா, டேட்டா ரொம்பக் கம்மியா இருந்தாலும் மூளை முழு ரிப்போர்ட் எழுதிடும்.

வாட்ஸ்அப்பில் ரெண்டு நீல டிக் விழுந்துடுச்சு, பதில் இல்லை. கையில் இருக்கிற டேட்டா அவ்வளவுதான். "அவாய்ட் பண்றான்" என்பது ரிப்போர்ட். அவன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகலாம், போனில் சார்ஜ் தீர்ந்திருக்கலாம். ஆனா முதலில் வந்த கதைதான் நமக்கு உண்மை மாதிரி தெரியும்.

அதிலும் இன்னொரு சாய்வு உண்டு. 1967-ல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் இருவரும் அமெரிக்க மாணவர்களிடம் கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவைப் பற்றிய கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். "எழுதியவர் எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது" என்று தெரிவித்த பிறகும், காஸ்ட்ரோவை ஆதரித்து எழுதியவர் மனதளவிலும் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்று படித்தவர்கள் நினைத்தார்கள். சூழ்நிலையை விட்டுவிட்டு ஆளின் குணத்தைப் பிடித்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு லீ ராஸ் 1977-ல் ஒரு பெயர் வைத்தார்: அடிப்படைக் காரணப் பிழை. நான் லேட்டா வந்தா டிராஃபிக். நீ லேட்டா வந்தா சோம்பேறி. அதுதான்.

2. லைட் நம்ம மேல இல்ல

இப்போ நாலு பேர் கணக்குக்கு வருவோம். 2000-ல் தாமஸ் கிலோவிச்சும் அவர் குழுவும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மாணவருக்கு ஒரு டீ-ஷர்ட் கொடுப்பார்கள். அதில் பாரி மேனிலோ என்ற பாடகரின் பெரிய முகம். அந்தக் காலத்துக் கல்லூரிப் பசங்க அதைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னாடி போகக் கூச்சப்படுவாங்க. அதைப் போட்டுக்கொண்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிற அறைக்குள் போக வேண்டும். சற்று நேரத்தில் வெளியே அழைத்து, "எத்தனை பேர் உன் சட்டையில் இருந்தது யார் என்று சொல்வார்கள்?" என்று கேட்பார்கள்.

போட்டிருந்தவர்கள் போட்ட கணக்கு: கிட்டத்தட்ட பாதிப் பேர். உண்மையில் கவனித்தவர்கள்: கிட்டத்தட்ட கால்வாசி. அதாவது நாம் நினைக்கிற நாலு பேரில் ரெண்டு பேர் பார்ப்பாங்கன்னு கணக்குப் போட்டா, நிஜத்தில் பார்த்தது ஒருத்தர். இதற்கு ஸ்பாட்லைட் விளைவு என்று பெயர்.

காரணம் எளிது. நம்ம சட்டையைப் பத்தி நமக்கு முழு நேரமும் தெரியும். அந்தத் தெரிதலில் இருந்துதான் கணக்கை ஆரம்பிக்கிறோம். மற்றவர்களுக்கு அது பல விஷயங்களில் ஒன்று. அவங்கவங்க சட்டையைப் பத்தின கவலை அவங்கவங்களுக்கு.

சரி, சட்டை வெளியே தெரியும். உள்ளே அடிக்கிற இதயம்? மேடையில் நிற்கும்போது நம்ம படபடப்பு எல்லாருக்கும் கண்ணாடி மாதிரி தெரியுது என்று தோணும். இதுவும் மிகை மதிப்பீடுதான். கென்னத் சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களைக் கேமரா முன் மூன்று நிமிடம் பேச வைத்தார்கள். சிலரிடம் மட்டும் முன்கூட்டியே, "உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது, ஆய்வுகள் அப்படிச் சொல்கின்றன" என்று விளக்கினார்கள். விளக்கம் கேட்டவர்கள் தங்கள் பேச்சை மற்றவர்களைவிட நன்றாக மதிப்பிட்டார்கள். பார்வையாளர்களும் அவர்கள் பேச்சுக்குத்தான் அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். "பயப்படாதே, கவலைப்படாதே" என்று ஆறுதல் மட்டும் கேட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இந்த இடத்தை ரெண்டு தடவை படிங்க. அடுத்த செமினாருக்கு முன்னாடி உங்க ஃப்ரெண்டுகிட்ட "டென்ஷன் ஆகாதே மச்சி" என்று சொல்றதைவிட, "உன் டென்ஷன் வெளியே பாதிகூடத் தெரியாது" என்று சொல்றது உதவும்.

இன்னும் ஒன்று பாக்கி. சார் "எனி டவுட்ஸ்?" என்று கேட்கிறார். வகுப்பே அமைதி. நீங்க மனசுக்குள்ள, "எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு போல, எனக்குத்தான் புரியல" என்று நினைக்கிறீங்க. டேல் மில்லர், கேத்தி மெக்ஃபார்லண்ட் இருவரும் 1987-ல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். வேண்டுமென்றே புரியாதபடி எழுதப்பட்ட ஒரு கட்டுரையைக் கொடுத்து, சந்தேகம் இருந்தால் வந்து கேட்கலாம் என்றார்கள். மாணவர்கள் கேட்கத் தயங்கினார்கள். தான் கேட்காததற்குக் காரணம் வெட்கம் என்று அவரவருக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் இருப்பவர் கேட்காததற்குக் காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரே மௌனம், ஆனா அதுக்கு ரெண்டு அர்த்தம். அறுபது பேர் வகுப்பில் அறுபது பேரும் இப்படி நினைச்சா என்ன ஆகும்? இன்டர்னல் பேப்பர் வரும்போது தெரியும்.

3. சென்சார் தப்பான இடத்தில் இருக்கு

இந்தச் சின்னச் சின்னப் பிழைகள் எல்லாருக்கும் உண்டு. சிலருக்கு மட்டும் இது வாழ்க்கையையே சுருக்கிவிடுகிறது. வகுப்புக்கு வராமல் இருப்பது, மெஸ்ஸில் தனியாகச் சாப்பிட நேரம் பார்த்துப் போவது, இன்டர்வியூவுக்கே போகாமல் விடுவது. அந்த அளவுக்குப் போனால் அதற்கு சமூகப் பதற்றக் கோளாறு என்று பெயர்.

அது ஏன் தானாகச் சரியாவதில்லை? தினமும் மனிதர்களைச் சந்திக்கிறோமே, பழகிப் போக வேண்டாமா? டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995-ல் இதற்கு ஒரு மாதிரி கொடுத்தார்கள். நம்ம மொழியில் சொன்னா அது ஒரு ஃபீட்பேக் லூப்.

ஒரு ஏ.சி. ரூமை நினைச்சுக்கோங்க. ரூமின் வெப்பநிலையை அளக்க வேண்டிய சென்சாரை யாரோ கம்ப்ரஸருக்கு மேலேயே ஒட்டி வைத்துவிட்டார்கள். கம்ப்ரஸர் ஓடினா சூடாகும். சூடானா சென்சார் "ரூம் சூடா இருக்கு" என்று சொல்லும். உடனே கம்ப்ரஸர் இன்னும் வேகமாக ஓடும். ரூம் குளிர்ந்து போய் ரொம்ப நேரமாகியிருக்கும், ஆனா சென்சாருக்குத் தெரியாது.

மேடையில் நிற்கிற ஆளுக்கும் அதுதான் நடக்குது. பயம் வந்த உடனே அவர் கவனம் வெளியே இருந்து உள்ளே திரும்பிவிடுகிறது. நாக்கு உலருது, கை நடுங்குது, குரல் மாறுது. அந்த உணர்ச்சிகளை வைத்தே, "நான் இப்போ பார்க்க எப்படி இருக்கேன்" என்று ஒரு படம் வரைகிறார். அந்தப் படத்தில் அவர் கோமாளி. உண்மையில் கேட்பவர்களின் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை. பார்த்தால்தானே திருத்த முடியும்?

அதோட பாதுகாப்புக்காகச் சில வேலைகள் செய்கிறார். ஸ்லைடைப் பார்த்து அப்படியே வாசிப்பது, யார் கண்ணையும் பார்க்காமல் இருப்பது, வேகவேகமாக முடிப்பது. இதற்குப் பாதுகாப்பு நடத்தைகள் என்று பெயர். இவற்றால் ரெண்டு நஷ்டம். ஒன்று, பேச்சு நிஜமாகவே மோசமாகிறது. இரண்டு, ஒழுங்காக முடிந்தாலும் "ஸ்லைடைப் பார்த்து வாசிச்சதால தப்பிச்சேன்" என்று தோன்றும். பயம் பொய் என்று நிரூபிக்க வாய்ப்பே கிடைப்பதில்லை. ராத்திரி ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு சொதப்பின அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் இருபது தடவை ரீப்ளே பண்றது இந்த லூப்பின் கடைசிப் படி. அடுத்த செமினாருக்கான பயம் அங்கே தயாராகுது.

4. மூன்று அலைகள்

இதை உடைக்க என்ன வழி? பிஹேவியர் தெரபியின் வரலாற்றை மூன்று அலைகளாகப் பிரிப்பது வழக்கம்.

முதல் அலை, செயல். 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் அமெரிக்காவில் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு முயல் என்றால் பயம். அவன் பிடித்த உணவைச் சாப்பிடும்போது முயலைத் தூரத்தில் வைத்து, நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். ஜோசப் வோல்பே 1950-களில் இதே எண்ணத்தை ஒரு முறையான சிகிச்சையாக்கினார். பயத்தை விட்டு ஓடினால் பயம் வளரும், படிப்படியாக நெருங்கினால் அது குறையும் என்பதுதான் இந்த அலையின் பாடம்.

இரண்டாம் அலை, எண்ணம். நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ் 1950-களிலும், பிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் 1960-களிலும், "சம்பவம் மட்டும் நம்மைப் பாதிப்பதில்லை, அதைப் பற்றி நாம் நினைப்பதும் பாதிக்கிறது" என்ற பக்கம் திரும்பினார்கள். "எல்லாரும் சிரிப்பாங்க" என்ற எண்ணத்தை எடுத்துக்கொள். ஆதாரம் என்ன? வேறு விளக்கம் இருக்கா? சோதித்துப் பார்க்கலாமா? கிட்டத்தட்ட கோடை டீபக் பண்ற மாதிரி. இரண்டு அலைகளும் சேர்ந்து வந்ததுதான் இன்று சி.பி.டி. என்று சொல்லப்படுவது.

மூன்றாம் அலை, எண்ணத்தோடு நமக்கு இருக்கிற உறவு. 1979-ல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நாள்பட்ட வலியும் மன அழுத்தமும் உள்ள நோயாளிகளுக்குப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பௌத்த தியான மரபில் இருந்து எடுத்து, மதச் சடங்குகள் இல்லாமல் மருத்துவமனைக்கு ஏற்ற மாதிரி அமைத்தது. மைண்ட்ஃபுல்னெஸ் என்ற சொல்லின் பின்னால் இருக்கிற பாலி வார்த்தை "சதி". நம்ம சீரியல்ல வர்ற சதி இல்லீங்க! நினைவோடு, விழிப்போடு இருத்தல் என்று அதற்குப் பொருள்.

பிறகு ஜிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் மூவரும் மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்காக இதை பெக்கின் சிகிச்சையோடு இணைத்தார்கள். அதன் சுருக்கப் பெயர் எம்.பி.சி.டி. அவர்களுடைய புத்தகம் 2002-ல் வந்தது. ஸ்டீவன் ஹேய்ஸின் ஏ.சி.டி., மார்ஷா லைனஹனின் டி.பி.டி. இரண்டும் இதே அலையைச் சேர்ந்தவை.

5. குரங்கை நினைக்காம மருந்து குடி

மூன்றாம் அலை ஏன் தேவைப்பட்டது என்று புரிய நம்ம ஊர்க் கதையே போதும். மருந்து குடிக்கும்போது குரங்கை மட்டும் நினைக்காதே என்று வைத்தியர் சொல்லி அனுப்புவார். அதுவரைக்கும் குரங்கு ஞாபகமே இல்லாத ஆளுக்கு, டம்ளரைத் தூக்கினாலே குரங்குதான் வரும்.

டேனியல் வெக்னர் 1987-ல் இதைச் சோதனைச்சாலையில் காட்டினார். அங்கே குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீங்க, நினைப்பு வந்தா மணியை அடிங்க என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், அப்படி அடக்கி வைத்தவர்கள் பிறகு "இப்போ நினைக்கலாம்" என்று சொன்னபோது, முதலிலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள்.

எண்ணத்தை அடக்கினால் அது மறுபடி கிளம்பும். எதிர்த்து வாதம் செய்தாலும் சில நேரம் விடிய விடிய வாதம்தான் நடக்கும். அதனால் மூன்றாம் அலை மூன்றாவது வழி ஒன்றைச் சொல்லுது: எண்ணத்தை எண்ணமாகப் பார்.

ஒரு உதாரணம். நான் படிச்சது முழுக்க இங்கிலீஷ் மீடியம். இந்தக் கட்டுரையை டைப் பண்ணும்போது, "இவனுக்கு ற, ர வித்தியாசமே தெரியாது, இவன் தமிழ்ல பாடம் எடுக்க வந்துட்டான்னு நாலு பேர் சிரிப்பாங்க" என்று மனசு சொல்லிக்கிட்டே இருக்கு. இதை மூணு விதமா எழுதிப் பார்க்கலாம்.

"எல்லாரும் சிரிப்பாங்க."

"எல்லாரும் சிரிப்பாங்கன்னு ஒரு எண்ணம் வருது."

"எல்லாரும் சிரிப்பாங்கன்னு ஒரு எண்ணம் வர்றதை நான் கவனிக்கிறேன்."

வார்த்தை கூடக் கூட நமக்கும் அந்த எண்ணத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் கிடைக்குது இல்லையா? எண்ணம் போகல. ஆனா அது இப்போ தீர்ப்பு இல்ல, ஒரு நோட்டிஃபிகேஷன். நோட்டிஃபிகேஷன் வந்தாலும் டைப் பண்ணலாம். இதை ஏ.சி.டி.யில் டிஃப்யூஷன் என்கிறார்கள். ஒட்டிக்கொண்டதைப் பிரிப்பது.

இன்னொரு பயிற்சி, ஒரே வார்த்தையைத் திரும்பச் சொல்வது. எட்வர்ட் டிட்ச்னர் நூறு வருஷத்துக்கும் முன்னாலேயே இதைப் பத்தி எழுதியிருக்கிறார். "பால்" என்று ஒரு தடவை சொல்லுங்க. வெள்ளை நிறம், சூடு, நுரை எல்லாம் வரும். இப்போ அரை நிமிஷம் வேகமா "பால் பால் பால்" என்று சொல்லிக்கிட்டே இருங்க. கடைசியில் வெறும் சத்தம்தான் மிஞ்சும். இப்போ "பால்" இருந்த இடத்தில் "லூசர்" என்ற வார்த்தையை வைத்துப் பாருங்க.

6. உட்கார்ந்து கண்ணை மூடினா போதுமா?

இங்கேதான் கவனமா இருக்கணும். மைண்ட்ஃபுல்னெஸ் ஆப்கள், ரீல்ஸ் எல்லாம் பார்த்தால் எந்தப் பிரச்சினைக்கும் இதுதான் மருந்து என்று தோணும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

2000-ல் டீஸ்டேல் குழு, மனச்சோர்வில் இருந்து மீண்ட 145 பேரிடம் செய்த சோதனையில், முன்பு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வு வந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு அது திரும்ப வந்தது. எம்.பி.சி.டி.யும் சேர்ந்து பெற்றவர்களில் 37 சதவீதம். பெரிய வித்தியாசம். ஆனா இரண்டு முறை மட்டும் வந்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. 2015-ல் 424 பேரை வைத்து பிரிட்டனில் வந்த ஆய்வில், தொடர்ந்து மாத்திரை எடுத்தவர்களுக்கும் எம்.பி.சி.டி.யோடு மாத்திரையைக் குறைத்தவர்களுக்கும் திரும்ப வரும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. மாத்திரையைவிட மேல் என்று நிரூபணம் ஆகல. இன்னொரு வழி என்று ஆச்சு. எடுத்துக்கிட்டு இருக்கிற மாத்திரையை டாக்டரைக் கேட்காம யாரும் நிறுத்திடாதீங்க.

சமூகப் பதற்றத்துக்கு என்ன? பிரிட்டனில் சிகிச்சைகளுக்கு வழிகாட்டுகிற நைஸ் அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது இதற்கென்றே அமைந்த தனிநபர் சி.பி.டி.தான் என்கிறது. கிளார்க்-வெல்ஸ் மாதிரியை அடிப்படையாகக் கொண்டது அதில் ஒன்று. மைண்ட்ஃபுல்னெஸ் முறைகளை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது.

ஏன் என்று யோசிச்சா இதுவரைக்கும் படிச்சதிலேயே பதில் இருக்கு. சென்சார் உள்ளே மாட்டிக்கிட்டதுதான் பிரச்சினை. தனி ரூமில் கண்ணை மூடி மூச்சைக் கவனிச்சா மனசு அமைதியாகலாம். ஆனா எதிரே இருக்கிறவங்க முகத்தில் என்ன இருக்கு என்ற டேட்டா கிடைக்காது. அது வகுப்பறையில் கண்ணைத் திறந்துதான் கிடைக்கும். எண்ணத்தைக் கவனிக்கக் கத்துக்கிறது பாதி வேலை. அந்த எண்ணம் இருக்கும்போதே கையைத் தூக்குறது மீதிப் பாதி. பிஹேவியர் தெரபியில் பிஹேவியர் என்ற வார்த்தை சும்மா இல்ல.

7. அடுத்த செமினாருக்கு ஒரு லேப் எக்ஸ்பெரிமென்ட்

இதுவரை பார்த்ததை வச்சு ஒரு சின்னச் சோதனை. ரெக்கார்ட் நோட் மாதிரியே நாலு படி.

முதல் படி, முன்கணிப்பு. என்ன நடக்கும் என்று பயப்படுறீங்களோ அதை எண்ணோடு எழுதுங்க. "கேவலமா இருக்கும்" என்று எழுதக் கூடாது. அதை அளக்க முடியாது. "பத்துப் பேராவது சிரிப்பாங்க, சார் நடுவுல நிறுத்திடுவார்" என்று எழுதுங்க.

இரண்டாம் படி, மூன்று நிமிடம். எம்.பி.சி.டி.யில் மூன்று நிமிட மூச்சு இடைவெளி என்று ஒரு பயிற்சி உண்டு. முதல் நிமிடம், இப்போ என்ன எண்ணம், என்ன உணர்ச்சி, உடம்பில் என்ன என்று பார்ப்பது. மாற்ற வேண்டாம். இரண்டாவது நிமிடம், கவனத்தை மூச்சில் மட்டும் வைப்பது. மூன்றாவது நிமிடம், கவனத்தை முழு உடம்புக்கும் விரிப்பது. பயத்தை விரட்ட இதைச் செய்யாதீங்க. விரட்டினா குரங்கு வரும். பயத்தோடயே எழுந்து போக முடியும் என்று தெரிஞ்சுக்கத்தான் இது.

மூன்றாம் படி, சென்சாரை வெளியே வைப்பது. பேசும்போது ஒரே ஒரு பாதுகாப்பு நடத்தையை மட்டும் விடுங்க. ஸ்லைடை வாசிக்காம பேசுறதா, மூணு பேர் கண்ணைப் பார்க்கிறதா, நீங்களே முடிவு பண்ணுங்க. கவனம் உள்ளே இழுக்கும்போதெல்லாம் வெளியே ஒன்றைப் பிடிங்க. கடைசி பெஞ்சில் இருக்கிறவன் தலையாட்டுறானா, முன் வரிசையில் யார் நோட் எடுக்கிறாங்க, ஃபேன் சத்தத்தைத் தாண்டி என் குரல் கேட்குதா.

நான்காம் படி, முடிவு. அன்னைக்கே முன்கணிப்பையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்க. எத்தனை பேர் சிரிச்சாங்க? சார் நிறுத்தினாரா? ஒரு நண்பரை வீடியோ எடுக்கச் சொல்லிப் பார்த்தா இன்னும் நல்லது. கிளார்க்கின் சிகிச்சையிலும் வீடியோ போட்டுக் காட்டுவது ஒரு முக்கியமான பகுதி. எழுதி முடிச்ச பிறகு ராத்திரி ரீப்ளே ஓட ஆரம்பிச்சா, "ரீப்ளே ஓடுது" என்று பேர் வச்சுட்டு ரெக்கார்டை நம்புங்க.

சில நேரம் முன்கணிப்பு பலிக்கும். நாலு பேர் நிஜமாவே சிரிப்பாங்க. அப்போ கத்துக்க வேண்டியது வேற: சிரிச்ச பிறகும் நீங்க பேசி முடிச்சீங்களா? ஆனா ஒரு கோடு உண்டு. ஒருத்தரோட ஜாதியையோ நிறத்தையோ ஊரையோ இங்கிலீஷையோ வச்சு தினமும் கேலி செய்வது உங்க மூளையின் கற்பனை இல்ல. அதை எண்ணமா கவனிச்சுக்கிட்டு உட்கார வேண்டிய அவசியமும் இல்ல. அது ராகிங். அதுக்கு மருந்து புகார்தான், மூச்சுப் பயிற்சி இல்ல.

அதே மாதிரி, பயம் வாரக்கணக்கில் உங்களை வகுப்புக்கோ மெஸ்ஸுக்கோ போகவிடாம வச்சிருந்தா, தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தா, வாழவே பிடிக்கலன்னு தோணினா, இந்தக் கட்டுரை போதாது. காலேஜ் கவுன்சிலர், மனநல மருத்துவர், இல்லேன்னா அரசின் டெலி மனஸ் இலவச எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். "கவுன்சிலர் ரூமுக்குப் போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்று ஒரு எண்ணம் வரும். அதுக்கு என்ன பேர்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

கடைசியா ஒரு ஹோம்வொர்க்

இவ்வளவு நேரம் நாலு பேரை எதிர்க்கட்சி மாதிரியே பேசிட்டோம். ஆனா கணக்கைத் திருப்பிப் பாருங்க. இதே வகுப்பில் யாரோ ஒருத்தருக்கு அந்த நாலு பேரில் நீங்களும் ஒருத்தர். கேன்டீனுக்குக் கூப்பிட்டா வராத பையனுக்கு "ஹெட்வெயிட்" என்று பேர் வச்சிருப்பீங்க. தமிழ் மீடியத்தில் இருந்து வந்து ஜி.டி.யில் பேசாம இருக்கிற பொண்ணுக்கு "ஒண்ணும் தெரியாது போல" என்று முடிவு பண்ணியிருப்பீங்க. ரெண்டும் முக்கோணத்துக்கு நாம எழுதின கதை.

இந்த வாரம் அப்படி ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கோங்க. "அவன் ஹெட்வெயிட்" என்பதை "அவன் ஹெட்வெயிட்னு எனக்கு ஒரு எண்ணம் வருது" என்று மாத்திப் படிங்க. அப்புறம் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சாப்டியா டா?" என்று கேளுங்க. வர்ற பதிலையும் ரெக்கார்ட் நோட்டில் சேர்த்துக்கோங்க.